சீட்டில்லாமல் வாங்கும் மருந்தும் வளரும் பிள்ளைகளும்: பெற்றோருக்கு ஓர் எளிய விளக்கம்

மருந்தையும் போதையையும் சேர்த்துச் சொல்லும் செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. வலி நிவாரணி மாத்திரைகளைக் கள்ளத்தனமாக விற்றவர்கள் கைது என்று ஒரு நாள் படிக்கிறோம். இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்துபோனார்கள் என்று இன்னொரு நாள் படிக்கிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பேசுவதால், மருந்தைத் தப்பாகப் பயன்படுத்துவது எங்கோ சில பையன்கள் கூட்டுச் சேர்ந்து செய்யும் காரியம், நம் வீட்டுக்கு அது வராது என்ற எண்ணமே பெற்றோர் மனத்தில் தங்கிவிடுகிறது.

இவற்றை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 2025ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் குழந்தைகள் இறந்ததற்குக் காரணம், இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்ததுதான். அது தயாரிப்பில் நடந்த தவறு. பெற்றோர் அளந்து கொடுத்திருந்தாலும் அந்தக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருந்திருக்காது. டாபென்டடால் போன்ற கடுமையான வலி மாத்திரைகள் கள்ளச் சந்தைக்குப் போவது காவல்துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தடுக்க வேண்டிய குற்றம். நான் இங்கே எழுதுவது மூன்றாவது ஒன்றைப் பற்றி. தெருமுனை மருந்துக்கடையில் யாரும் எதுவும் கேட்காமல் தருகிற, பெரும்பாலும் நம் வீட்டு டப்பாவிலேயே கிடக்கிற மருந்துகளைப் பதின்வயதுப் பிள்ளைகள் தவறாகப் பயன்படுத்துவதைப் பற்றி. பெற்றோரால் நேரடியாகத் தடுக்க முடிவது இதைத்தான்.

எது தவறான பயன்பாடு?

ஒரு மருந்தை அதற்குரிய நோய்க்கு இல்லாமல் வேறு நோக்கத்துக்காக எடுத்தாலும், சொன்ன அளவை மீறி எடுத்தாலும், சொன்ன நாள்களைத் தாண்டி எடுத்தாலும், வேறொருவருக்கு எழுதிக் கொடுத்ததை எடுத்தாலும் அது தவறான பயன்பாடுதான். போதைக்காக எடுப்பது இதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நம் வீடுகளைப் பார்த்தால், தவறான பயன்பாடு பல வடிவங்களில் தெரியும். தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கம் வரவில்லை என்று அப்பாவின் சளி மாத்திரையைப் போட்டுக்கொள்கிற பையன், ஒல்லியாக இருப்பதாகக் கேலி செய்கிறார்கள் என்று ‘பசி மாத்திரை’யை மாதக்கணக்கில் விழுங்குகிற பெண், முகம் வெளுக்கும் என்று தோழி சொன்ன கிரீமைத் தினமும் இரவில் பூசுகிறவள், தலைவலி நிற்கவில்லை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாகப் பாராசிட்டமால் போடுகிறவன், இவர்கள் யாரும் போதையைத் தேடவில்லை. ஆனாலும் நால்வருமே தவறான பயன்பாட்டில்தான் இருக்கிறார்கள். திருமணமோ திருவிழாவோ வந்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போட மகளுக்கு நாமே மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் இந்த வரிசையில்தான் சேரும். அது ஹார்மோன் மருந்து. இரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம் என்பதால், கொடுக்கலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது, கடையில் என்ன நடக்கிறது

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்துகளுக்குத் தனி வகைப்பாடு உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வரும் 1945ஆம் ஆண்டு விதிகள், சீட்டு கட்டாயமான மருந்துகளை எச், எச்1, எக்ஸ் என்ற அட்டவணைகளில் வரிசைப்படுத்துகின்றன. அவற்றில் சேராதவற்றைச் சீட்டில்லாமல் விற்கலாம் என்பது நடைமுறை. எச்1 அட்டவணை 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். கோடீன், தூக்க மாத்திரைகள் பலவும் இதில் வருகின்றன.

விதி இப்படி இருக்க, நடப்பது வேறு. பல கடைகளில் ‘சளிக்கு ஏதாவது கொடுங்க’ என்றால் போதும். கடைக்காரர் மூன்று நான்கு அட்டைகளை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டிரண்டு மாத்திரையாக வெட்டி, ஒரு சிறிய காகித உறையில் போட்டு, மேலே காலை, இரவு என்று கோடு கிழித்துக் கொடுத்துவிடுகிறார். அட்டையை வெட்டும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் கடையிலுள்ள மிச்சத் துண்டோடு தங்கிவிடுகின்றன. சீட்டு கட்டாயம் என்பதைக் காட்டுவதற்காக அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடும் அப்படியே அறுந்துபோகிறது. வீட்டுக்கு வருவது பெயரில்லாத இரண்டு வெள்ளை மாத்திரைகள். அவற்றில் எது பாராசிட்டமால், எது ஒவ்வாமை மாத்திரை, எது ஸ்டீராய்டு என்பது வாங்கி வந்தவருக்கே தெரியாது. இந்த ஒரு பழக்கம்தான் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் முதல் தவறான பாடம் என்று நான் நினைக்கிறேன். மருந்தென்றால் பெயர் தெரியாமலே போட்டுக்கொள்ளும் ஒன்று என்று அவர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள்.

இதுவரை பார்த்தவற்றில் இரண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்: நோக்கம், அளவு, நாள், ஆள் ஆகிய நான்கில் எது மாறினாலும் அது தவறான பயன்பாடு, கடைக்காரர் சீட்டுக் கேட்காமல் கொடுத்துவிட்டார் என்பதால் ஒரு மருந்து தீங்கற்றதாக ஆகிவிடாது.

அளவு மீறினால் உடலுக்குள் என்ன நடக்கிறது?

தெருவோரத்து மழைநீர் வடிகாலை எண்ணிப் பாருங்கள். நிதானமாகப் பெய்யும் மழை எவ்வளவு நேரம் நீடித்தாலும் வடிகால் அதை வாங்கிக் கொண்டுபோய்விடுகிறது. அதே மழை ஒரே இரவில் கொட்டித் தீர்த்தால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. மழைநீர் மாறவில்லை, வடிகாலின் கொள்ளளவு தீர்ந்துவிட்டது.

பாராசிட்டமால் விஷயத்தில் நடப்பது இதுவே. நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் நச்சுத்தன்மையுள்ள துணைப்பொருளாக மாறுகிறது. அந்த நச்சைக் குளூட்டாதயோன் என்ற பொருள் உடனே பிடித்து முறித்துவிடும். குளூட்டாதயோன் என்பது கல்லீரல் செல்கள் தாமே தயாரித்துச் சேமித்து வைக்கும் பாதுகாப்புப் பொருள். சரியான அளவில் மருந்து எடுக்கும்வரை இந்தச் சேமிப்பு தாராளமாகப் போதும். அளவு கடந்து போகும்போது சேமிப்பு தீர்ந்து, முறிக்கப்படாத நச்சு கல்லீரல் செல்களையே தாக்கத் தொடங்குகிறது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4,000 மி.கி. என்பதுதான் உச்ச வரம்பு. பிள்ளைகளுக்கு உடல் எடையைப் பொறுத்து அது குறையும்.

இதில் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாராசிட்டமாலை மிகையாக விழுங்கியவர் முதல் நாளில் ஏறக்குறைய நன்றாகவே இருப்பார். கொஞ்சம் குமட்டல் இருக்கலாம், வாந்தி வரலாம், அதுவும் அடங்கிவிடும். கல்லீரல் பாதிப்பு பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளியே தெரிகிறது. இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற நல்ல முறிமருந்து இருக்கிறது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. ஆகவே ‘நல்லாத்தானே இருக்கான், காலையில் பார்க்கலாம்’ என்று காத்திருப்பதுதான் செய்யக் கூடாத காரியம்.

இன்னொரு சிக்கல், ஒரே மருந்து பல பெயர்களில் நுழைவது. காய்ச்சல் மாத்திரை, உடல்வலி மாத்திரை, சளிக்கான கூட்டு மாத்திரை என்று மூன்றை ஒரே நாளில் போட்டால், மூன்றிலும் பாராசிட்டமால் இருக்க வாய்ப்புண்டு. பிள்ளை வேண்டுமென்றே செய்யாவிட்டாலும் அளவு தானாகக் கூடிவிடுகிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

பெரும்பாலான மருந்துகள் உடலிலுள்ள ஏற்பிகளில் அமர்ந்து வேலை செய்கின்றன. ஏற்பி என்பது செல்லின் மீதோ உள்ளேயோ இருந்து, குறிப்பிட்ட வேதிப்பொருள் வந்து சேர்ந்ததும் செல்லுக்குச் செய்தி சொல்லும் புரதம். ஒரு மருந்து சரியான அளவில் நாம் விரும்பும் ஏற்பியில் முக்கியமாக வேலை செய்கிறது. அளவு ஏறும்போது நாம் விரும்பாத ஏற்பிகளிலும் போய் அமர்கிறது. பக்க விளைவாக இருந்தது அப்போது முதன்மை விளைவாக மாறுகிறது.

ஓர் இருமல் சிரப்பின் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். ‘ஒவ்வொரு 5 மி.லி.யிலும்’ என்ற வரிக்குக் கீழே டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் 10 மி.கி., குளோர்ஃபெனிரமைன் 2 மி.கி., ஃபினைலெஃப்ரின் 5 மி.கி. என்பதுபோல் இருக்கும். முதலாவது, வறட்டு இருமலை மூளையின் இருமல் மையத்தில் அடக்குவது. மிகையானால் அது மூளையின் வேறு ஏற்பிகளை மறித்து, நடை தள்ளாடவும், பேச்சு குழறவும், தன் உடலிலிருந்து தானே விலகி நிற்பதுபோல் தோன்றவும் செய்கிறது. அமெரிக்காவில் இதைப் பிள்ளைகள் தவறாகப் பயன்படுத்துவது பெரிய பிரச்சினையாகி, 18 வயதுக்குக் கீழானவர்களுக்குச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற தடை 2012இல் கலிஃபோர்னியாவில் நடைமுறைக்கு வந்தது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கும் பிள்ளை இதையும் சேர்த்துக் குடித்தால், சில மருந்துகளோடு உயிருக்கே ஆபத்தான வினை நேரலாம்.

இரண்டாவது, பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்து. தூக்கம் வருவது இதனால்தான். இதே குடும்பத்தைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமினை ஒரு சமூக ஊடகச் சவாலுக்காக அளவு மீறி விழுங்கிய பதின்வயதினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் இறந்ததையும் குறிப்பிட்டு, 2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. மிகையான அளவில் இது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும், வலிப்பை வரவழைக்கும்.

சிரப்பில் கோடீன் இருந்தால் கதை இன்னும் தீவிரம். கோடீன் அபின் வகை மருந்து. கல்லீரல் அதன் ஒரு பகுதியை மார்ஃபினாக மாற்றுகிறது. எவ்வளவு வேகமாக மாற்றுகிறது என்பது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், ஒருவனுக்கு ஒன்றும் செய்யாத அளவு, பக்கத்தில் இருக்கும் நண்பனின் மூச்சையே மந்தமாக்கிவிடலாம். ‘அவன் குடிச்சான், அவனுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்ற பிள்ளைகளின் வாதம் தப்பாவது இந்த இடத்தில்தான்.

சுருக்கமாகச் சொன்னால், அளவு கூடும்போது மருந்தின் வேலை வலுப்பதோடு நிற்பதில்லை; வேலையே மாறிவிடுகிறது. கூட்டு மருந்தில் ஒன்றைத் தேடிப் போனால் மற்றவையும் சேர்ந்தே மிகையாகின்றன.

யாரும் கவலைப்படாத இரண்டு: கிரீமும் பசி மாத்திரையும்

என் கணிப்பில், நம் ஊர்ப் பெண்பிள்ளைகளிடமும் இப்போது பையன்களிடமும் மிகப் பரவலாக இருந்தும் மிகக் குறைவாகப் பேசப்படுவது ஸ்டீராய்டு கிரீம்தான். ஸ்டீராய்டு என்பது அழற்சியை, அதாவது சிவத்தல், வீக்கம், அரிப்பு ஆகியவற்றை அடக்கும் மருந்து. தோல் மருத்துவர் சில நாள்களுக்கு மெல்லிய பூச்சாக எழுதிக் கொடுத்தால் அது அருமையான மருந்து. அதையே முகத்தில் தினமும் பூசினால், தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கி முகம் முதல் வாரங்களில் வெளுத்துத் தெரியும், பருக்கள் அமுங்கும். பிள்ளைக்கு அது வெற்றியாகத் தோன்றுகிறது. மாதங்கள் போகப் போகத் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்களாக வெளித்தெரிந்து, முகத்தில் மயிரும் பருவும் அதிகரிக்கின்றன. பயந்து நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கிறது. திரும்பப் பூசினால் அடங்குகிறது. இப்படித்தான் ஒரு கிரீமுக்கும் அடிமையாக முடிகிறது. 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு கட்டாயமான எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது இந்தப் பாதிப்புகளுக்குப் பிறகுதான். சிவப்பு நிறம் அழகு என்று வீட்டுப் பெரியவர்கள் பேசும் பேச்சுக்கும் இந்தக் கிரீமுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதை நாம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பசி மாத்திரை என்று வழங்கும் சைப்ரோஹெப்டடின் ஓர் ஒவ்வாமை மருந்து. பசியைத் தூண்டுவதும் தூக்கத்தை வரவழைப்பதும் அதன் குணங்கள். உடம்பு ஏற்றும் மாத்திரை என்று பெயரில்லாமல் விற்பவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கலாம். அப்போது ஏறுவது சதையல்ல, உப்பல். நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், கண்டுபிடித்தவுடன் பிடுங்கி எறியாமல் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது?

கதவைச் சாத்திக்கொள்வது, எரிந்து விழுவது, பகலெல்லாம் தூங்குவது எல்லாம் பதின்வயதின் இயல்பாகவும் இருக்கலாம். எனவே நடத்தையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மருந்தின் தடயமும் உடலின் அடையாளமும் சேர்ந்து வரும்போதுதான் கவனிக்க வேண்டும்.

தடயம் என்றால், வீட்டு டப்பாவில் அட்டைகள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தீர்வது, யாருக்கும் இருமல் இல்லாத வீட்டின் குப்பையிலோ புத்தகப் பையிலோ காலி சிரப் பாட்டில் கிடப்பது, பாட்டியின் தூக்க மாத்திரை கணக்கில் உதைப்பது, இணையக் கடைப் பொட்டலங்களை யாரும் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொள்வது. உடலில் தெரிபவை மருந்துக்கு மருந்து மாறும். பழைய ஒவ்வாமை மருந்துகள் மிகையானால் வாய் வறண்டு, கண்மணி விரிந்து, தோல் சூடாகவும் உலர்ந்தும் இருக்கும். இல்லாததைப் பார்த்துப் பேசுவதும் உண்டு. அபின் வகை மருந்தென்றால் நேர்மாறாகக் கண்மணி குண்டூசித் தலைபோல் சுருங்கும், பிள்ளை உட்கார்ந்தபடியே தலை சாய்வான், மலச்சிக்கல் இருக்கும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மறுத்தால் கையைப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் பல ஊர்களில் பிடிபட்டிருக்கிறது, அது நரம்புக்கும் நுரையீரலுக்கும் இரத்தத்துக்கும் பெருங்கேடு.

வீட்டில் செய்யக்கூடியவை

குளிர்சாதனப் பெட்டியின் மேலோ அலமாரியிலோ இருக்கும் அந்த மருந்து டப்பாவை ஒரு நாள் முழுவதுமாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெயர் தெரியாத வெட்டுத் துண்டுகளையும் காலாவதியானவற்றையும் அப்புறப்படுத்துங்கள். மிஞ்சியவற்றை எண்ணி ஒரு தாளில் குறித்து, பெரியவர்களின் தூக்க மாத்திரை, வலி மாத்திரை ஆகியவற்றைப் பூட்டு உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். பிறகு, மொத்தமாக வாங்கிக் குவிப்பதை விட்டுவிடுங்கள். இது சின்னக் காரியமாகத் தோன்றலாம். பிரிட்டனில் 1998இல் பாராசிட்டமால் பொதியின் அளவைச் சாதாரணக் கடைகளில் 16, மருந்துக்கடைகளில் 32 என்று குறைத்தார்கள். அதன் பிறகு அந்த மருந்தால் நேரும் இறப்புகள் அங்கே குறைந்தன. மனம் உடைந்த ஒரு நேரத்தில் கைக்கெட்டும் இடத்தில் எத்தனை மாத்திரை இருக்கிறது என்பது உயிரைத் தீர்மானிக்கிறது. தேர்வு முடிவுகள் வரும் வாரத்தில் இதை இன்னும் கவனமாகச் செய்யலாம்.

கடையில் மாத்திரையை வெட்டிக் கொடுத்தால், பெயரும் தேதியும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளையைத் தனியாக அனுப்பி மருந்து வாங்கி வரச் சொல்லாதீர்கள். பழகிய கடைக்காரராக இருந்தால், ‘அண்ணே, எங்க வீட்டுப் பிள்ளைங்க வந்து இருமல் மருந்தோ மாத்திரையோ கேட்டா எனக்கு ஒரு போன் போடுங்க’ என்று சொல்லி வைக்கலாம், சொன்னால் செய்வார்கள்.

பேசும்போது விசாரணைபோல் தொடங்கினால் பேச்சு முதல் வாக்கியத்திலேயே முடிந்துவிடும். ‘என்னடா பண்ணின?’ என்பதற்குப் பதிலாக, ‘தம்பி, டப்பாவுல மாத்திரை குறையுது. உனக்குத் தூக்கம் வரலையா, வலி ஏதாவது இருக்கா? திட்ட மாட்டேன், எத்தனை போட்டேன்னு மட்டும் சொல்லு’ என்று கேட்டால் பதில் வர வழியுண்டு. பெரும்பாலும் மாத்திரைக்குப் பின்னால் தூக்கமின்மையோ, தேர்வு பயமோ, உடலைப் பற்றிய கேலியோ, சொல்ல முடியாத துக்கமோ இருக்கும். அதைத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரையை மட்டும் ஒளித்து வைத்தால், பிள்ளை வேறொன்றைத் தேடிப் போவான்.

அவசரமென்றால்

எழுப்பியும் எழாதது, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருவது, உதடு நீலமாவது, வலிப்பு, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ சோப்புத் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காலி அட்டை, பாட்டில், உறை என்று கிடைத்த எல்லாவற்றையும் மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எப்போது விழுங்கினார் என்பதை முடிந்தவரை சரியாகச் சொல்லுங்கள். அடையாளம் ஒன்றும் தெரியாவிட்டாலும், அளவு மீறி விழுங்கியது உறுதியென்றால் போயே ஆக வேண்டும்.

அவசரமில்லாத நேரத்தில் ஆலோசனை வேண்டுமென்றால், தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண், மனநலத்துக்கான டெலிமானஸ் 14416, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகியவை இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் சிகிச்சை உண்டு.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ, பிள்ளையின் படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயத்தில் பல குடும்பங்கள் மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அதற்காக வழக்குத் தொடர்ந்து தண்டிக்கக் கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு. போதைப்பொருளுக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்காகவும் சிறிய அளவு வைத்திருந்ததற்காகவும் அவர்மீது வழக்கு நடத்துவதிலிருந்து, 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு அளிக்கிறது. மருத்துவமனைக் காவல் நிலையத்துக்குத் தகவல் போவது நடைமுறைதான். அதற்காக நடு இரவில் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.